ஊராட்சியாகவே இருப்பதா, பேரூராட்சி ஆவதா, மாநகராட்சியோடு சேர்வதா?

மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் இப்போது எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் அது இணைப்பில்தான் வந்து முடிகிறது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், 16 மாநகராட்சிகளின் விரிவாக்கம் என்று பட்டியல் வெளியிட்டது. அந்த ஜனவரி 26 கிராம சபையில் பல ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. எதிர்த்துக் கை தூக்கியவர்களிலேயே பலர் தனியாகப் பேசும்போது, "சேர்ந்தா சாக்கடையாவது வருமா?" என்று கேட்கிறார்கள். அப்படி இரண்டு மனதாக இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது?

"வளர்ச்சி வரும்", "ஊர் அடையாளம் போகும்" என்ற இரண்டு பேச்சுக்கும் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. நான் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, ஊரக வேலையும் வீட்டுத் திட்டங்களும். உங்கள் ஊரில் எத்தனை குடும்பங்கள் இவற்றை நம்பியிருக்கின்றன? இரண்டாவது வரியும் கட்டணமும்: இன்று கட்டுவதோடு, பத்து வருடம் கழித்துக் கட்டப்போவதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது குடிநீர், கழிவுநீர், குப்பை. நான்காவது, யாரிடம் போய்க் கேள்வி கேட்கலாம், அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது. ஐந்தாவது நிலம். இதைப் பற்றித்தான் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை, பணமாகப் பார்த்தால் இதுதான் பெரிய தொகையாக இருக்கும்.

| | ஊராட்சி | பேரூராட்சி | மாநகராட்சியோடு இணைப்பு |
|---|---|---|---|
| தலைவர் தேர்வு | மக்கள் நேரடியாக | கவுன்சிலர்கள் வழியாக | கவுன்சிலர்கள் வழியாக மேயர் |
| கட்சிச் சின்னம் | இல்லை | உண்டு | உண்டு |
| மக்கள் நேரடியாகக் கூடும் சபை | கிராம சபை, ஆண்டுக்கு 6 முறை | கிராம சபை இல்லை | கிராம சபை இல்லை. பகுதி சபை உண்டு |
| ஊரக வேலைத் திட்டம் | உண்டு | இல்லை | இல்லை |
| வரி | வீட்டு வரி, குறைவு | சொத்து வரி, அரையாண்டுக்கு ஒருமுறை | சொத்து வரி, மூன்றிலும் அதிகம் |
| திட்டமிடும்போது ஒருவருக்குக் கணக்கிடும் குடிநீர் | நாளுக்கு 55 லிட்டர் | 70 லிட்டர் (பாதாள சாக்கடை இல்லாத நகரம்) | 135 லிட்டர் (பாதாள சாக்கடை உள்ள நகரம்) |
| நில எடுப்பில் சந்தை மதிப்பின் பெருக்கல் காரணி | 1 முதல் 2 வரை | 1 | 1 |
| அன்றாட நிர்வாகம் | ஊராட்சி செயலர், மேலே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) | செயல் அலுவலர் | ஆணையர், மண்டல அலுவலகம் |

குடிநீர் வரிசையில் இருப்பது திட்டம் போடுவதற்கான அளவு. குழாயில் நாளைக்கே அவ்வளவு வரும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

ஊராட்சியாகவே இருந்தால்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பெயரளவில்தான் கிராமம். 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கு விவசாயத்துக்கு வெளியே: இந்த மூன்றும் இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஊரைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று எழுதிக்கொள்ளும். 2011-இல் தமிழ்நாட்டில் அப்படி 376 ஊர்கள் இருந்தன. ஆனால் கணக்கெடுப்பில் நகரம் என்று எழுதினால் மட்டும் நிர்வாகம் மாறிவிடாது. ஊராட்சியாக இருப்பது ஊராட்சியாகவே தொடரும்.

ஊராட்சியின் பெரிய பலம் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. காலையில் தண்ணீர் வரவில்லையா, மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டருக்கு ஒரு போன். அவர் சைக்கிளில் வந்து எந்த வால்வு மூடியிருக்கிறது என்று பார்ப்பார். மோட்டார் எரிந்திருந்தால் தலைவர் வீட்டு வாசலில் நிற்கலாம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தந்தால்தான் பணம் வெளியே போகும். கிராம சபையில் ஊரின் ஒவ்வொரு வாக்காளரும் உறுப்பினர். வரவு செலவைப் படிக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூட்ட நாட்களும் முன்கூட்டியே குறித்தவை.

அடுத்தது வேலை. நூறு நாள் வேலை என்று எல்லாரும் சொல்லும் திட்டம் 2005 சட்டத்தின்படி நடந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. பெயர் மாறினாலும் அது ஊரகப் பகுதிக்கு மட்டும்தான் என்பது மாறவில்லை. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தால் குடும்பத்துக்கு 33,600 ரூபாய் வரும். பல ஊர்களில் முழு நாளும் கிடைப்பதில்லை, கூலியும் தாமதமாகத்தான் வருகிறது. அப்படியும், வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடாத அறுபது வயது அம்மாவுக்கு அந்தப் பணம்தான் மருந்துச் செலவு. குடிசைகளுக்குப் பதிலாக 3.5 லட்சம் ரூபாயில் வீடு கட்டித் தரும் கலைஞரின் கனவு இல்லமும் ஊரகத் திட்டம்தான்.

பலவீனமும் பெரியது. பத்தாயிரம் பேர் வசிக்கும் ஊராட்சிக்கும் ஒரே ஒரு செயலர்தான். பொறியாளர் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பார். புதிய லேஅவுட்டுகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள்: ஒன்று தெருவோரக் கால்வாய் வழியாக ஏரிக்கு, இல்லாவிட்டால் செப்டிக் டேங்க் லாரி இரவில் எங்கோ கொட்டிவிட்டுப் போகிறது. ஊர் பெரிதாகப் பெரிதாக நிலத்தடி நீர் கெடும், ஊராட்சி வருமானத்தில் அதைச் சரிசெய்யவே முடியாது. வீட்டு வரி குறைவு என்று சந்தோஷப்படுகிறவர்கள் தண்ணீர் லாரிக்கும் செப்டிக் டேங்க் லாரிக்கும் வருடத்தில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். லேஅவுட் வாசிகள் பலருக்கு அது நகரத்துச் சொத்து வரியைத் தாண்டிவிடும் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் உண்டு. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அப்புறம் தேர்தல் நடத்தாமல் வட்டார வளர்ச்சி அலுவலர்களைத் தனி அலுவலர்களாகப் போட்டார்கள். 2016 முதல் 2019 வரையும் இதே கதைதான். தேர்தல் நடக்காத காலத்தில் 'நம்ம தலைவர்' என்ற பலத்தை ஊராட்சியின் கணக்கில் எழுத முடியாது.

விவசாயமும் கூலி வேலையும் இன்னும் பாதி வீடுகளுக்கு மேல் சோறு போடுகிறதா, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றனவா? அப்படியானால் ஊராட்சியாகவே இருப்பதுதான் சரி. நகரக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நகரச் சேவைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பேரூராட்சி ஆனால்

கிராமத்திலிருந்து நகரமாக மாறும் ஊருக்கென்று அரசியலமைப்பே வைத்திருக்கும் இடைப்பட்ட அமைப்பு இது. ஊருக்கென்று தனி செயல் அலுவலர், தனி மன்றம், தனி கணக்கு. தெரு விளக்கு, குப்பை வண்டி, சந்தை, பேருந்து நிலையம் ஆகியவற்றில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கடைவீதியாக இருக்கும் ஊர் என்றால், கடை வாடகையும் சந்தைக் குத்தகையும் ஊருக்குள்ளேயே தங்கும்.

நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிக்காக மத்திய அரசு 2021-இல் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில் குடிநீர்ப் பணிக்குச் சட்டப்படி நகரமான எல்லா ஊர்களும் தகுதி பெற்றன. கழிவுநீர்ப் பணிக்கு நாட்டிலேயே 500 நகரங்கள்தான். பேரூராட்சி ஆகிவிட்டால் பாதாள சாக்கடை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தண்ணீருக்கு வழி பிறக்கலாம், சாக்கடைக்கு அவ்வளவு சுலபமில்லை.

இழப்பு என்று பார்த்தால், ஊரக வேலைத் திட்டம் முழுவதும் போகும். நகர்ப்புற வேலைத் திட்டத்தைத் தமிழ்நாடு 2022-இல் சோதனை முயற்சியாகத்தான் தொடங்கியது. ஊரகத் திட்டத்துக்கு ஈடாக அதைச் சொல்ல முடியாது. ஆக, மாநகராட்சியின் பண பலமும் இல்லை, ஊராட்சியின் ஊரகத் திட்டங்களும் இல்லை. ஓரத்து ஊர்களுக்கு மூன்றில் பலன் குறைந்தது இதுதான் என்பது என் கருத்து.

இதை அரசே ஒரு முறை ஒப்புக்கொண்டது போல நடந்தது. 2004-இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் 'சிறப்பு ஊராட்சிகள்' என்று மாற்றினார்கள். கிராமங்களுக்கு வரும் நிதி இந்த ஊர்களுக்கும் கிடைக்கட்டும் என்பது காரணம். 2006-இல் ஆட்சி மாறியதும் அவை பழையபடி பேரூராட்சி ஆயின. நிலைமாற்றம் ஒருவழிப் பாதை என்று நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டு வருட வரலாறு தெரிந்திருப்பது நல்லது. ஆனால் மாநகராட்சிக்குள் கரைந்துவிட்ட ஊர் அப்படித் தனியாகத் திரும்புவது நடைமுறையில் மிகக் கடினம்.

பெரிய நகரத்திலிருந்து தள்ளி, தானே ஒரு கடைவீதி ஊராக வளர்ந்திருக்கும் இடத்துக்குப் பேரூராட்சிதான் பொருத்தம்.

மாநகராட்சியோடு சேர்ந்தால்

இதற்கு நம் கண் முன்னால் பாடங்கள் இருக்கின்றன. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் உள்ளே வந்தன. அந்த 42 அமைப்புகளுக்கும் சேர்த்து 93 வார்டுகள். பழைய சென்னைக்கு 107. கோவை 105-லிருந்து 257 சதுர கிலோமீட்டர் ஆனது. மதுரை 52-லிருந்து 148 ஆனது, வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின.

இணைந்த பகுதிகளுக்குச் சாலையும் விளக்கும் மளமளவென்று வந்தன. கட்டட வரைபட அனுமதி, பிறப்புச் சான்று போன்றவற்றுக்கு ஆள் பலமுள்ள அலுவலகம் கிடைத்தது. மனை விலை ஏறியது. ஆனால் பாதாள சாக்கடை? சென்னையில் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பத்தாண்டு தாண்டியும் பணி முடியவில்லை. சொத்து வரி அப்படிக் காத்திருப்பதில்லை. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்க நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு வரியைப் பரப்பளவுக்கேற்ப உயர்த்தினார்கள்: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் அதிகம். அதன் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் வரை உயர்த்தவும் வழி செய்திருக்கிறார்கள். சொத்து வரி உயர்வை நகரங்களுக்கான மானியத்தோடு 15-ஆவது நிதிக்குழு முடிச்சுப் போட்டதும் இதற்கு ஒரு காரணம். காலிமனை வரி, குப்பைக் கட்டணம், குடிநீர் இணைப்புக்கு முன்வைப்புத் தொகை, சாக்கடை வந்தால் அதற்கு ஒன்று என்று தனித்தனிச் சீட்டுகளும் வரும்.

கேள்வி கேட்கும் உரிமை இங்கேதான் அதிகம் சுருங்குகிறது. நேற்றுவரை உங்கள் ஊருக்கென்று ஒரு தலைவர், ஒன்பதோ பன்னிரண்டோ வார்டு உறுப்பினர்கள். நாளை ஊர் முழுவதும் ஒரு வார்டின் பாதியாக இருக்கலாம், கவுன்சிலர் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம். பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கின. ஆனால் கிராம சபைத் தீர்மானத்துக்கு இருக்கும் எடை அவற்றுக்கு இன்னும் வரவில்லை. கட்சிச் சின்னத்தில் வென்ற கவுன்சிலரிடம் எதிர்க்கட்சிக்காரர் தெரு விளக்குக்குப் போய் நிற்கத் தயங்குவதும் நடக்கிறது. நகர மன்றங்களும் தேர்தல் இல்லாமல் கிடந்திருக்கின்றன: 2016 முதல் 2022 பிப்ரவரி வரை தமிழக நகரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை.

குப்பை பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய நகரங்கள் குப்பைக் கிடங்குக்கு ஓரத்து நிலத்தைத்தான் தேடுகின்றன. சேராமல் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. கோவையின் குப்பை பல வருடங்களாக வெள்ளலூரில் கொட்டப்பட்டது, வெள்ளலூரோ தனிப் பேரூராட்சி. அந்த ஊர்க்காரர்களுக்குக் கோவை மாமன்றத்தில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது. நகரத்தின் கழிவு ஏற்கெனவே உங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தால், அதைப் பற்றி முடிவெடுக்கும் மன்றத்தில் உங்களுக்கு ஒரு இடம் வேண்டும். இணைப்புக்கு ஆதரவான வாதங்களில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

எல்லைக் கோடு எங்கே என்று நின்று பார்த்தாலும் தெரியாத அளவுக்கு வீடுகள் ஒட்டிவிட்டன, உங்கள் சாக்கடையும் மாநகராட்சிச் சாக்கடையும் ஒரே வாய்க்காலில் விழுகின்றன, ஊரில் ஊரக வேலைத் திட்டத்துக்கான வேலை அட்டை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு என்றால் சேர்வதுதான் நல்லது. என்னென்ன வேலை எப்போது நடக்கும் என்று எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க

2013 நில எடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு கணக்கிடும்போது சந்தை மதிப்பை ஒரு காரணியால் பெருக்குவார்கள். நகர்ப்புறத்தில் அது 1. ஊரகத்தில் 1 முதல் 2 வரை போகலாம். உங்கள் ஊர் வழியாகப் புறவழிச் சாலையோ தொழிற்பேட்டையோ வரப்போகிறது என்ற பேச்சு இருந்தால், அதற்கு முன்னால் ஊர் நகரமாவது சில குடும்பங்களுக்குப் பல லட்சங்கள் நட்டம்.

வருமான வரியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. 10,000 பேருக்குக் குறையாத நகர அமைப்பின் எல்லைக்குள் இருந்தால் உண்டு. எல்லைக்கு வெளியிலும் உண்டு: நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. பெரிய மாநகராட்சியை ஒட்டிய ஊர்கள் அநேகமாக ஏற்கெனவே இந்த வட்டத்துக்குள்தான் இருக்கும், இணைவதால் அவற்றுக்குப் புதிய பாதிப்பு இல்லை. தனித்து நிற்கும் ஊர் பேரூராட்சியானால்தான் பெரிய மாற்றம். மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டியிருந்தால், பக்கத்துக் கிராமத்து நிலமும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

சேராமலே சேவை கிடைக்காதா?

சிலவற்றில் கிடைக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஊராட்சி, நகராட்சி என்று பார்ப்பதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இரண்டு வகை ஊர்களுக்கும் போகிறது. மதுராந்தகம் அருகே கருங்குழி பேரூராட்சியில் செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது, பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கழிவும் அங்கே வருகிறது. உங்கள் ஊரின் முதல் பிரச்சினை தண்ணீரோ கழிவு லாரியோ என்றால், இணைப்பைப் பற்றிப் பேசும் முன் இந்த வழியைக் கேளுங்கள். தெருவுக்கு அடியில் குழாய் பதிக்கும் சாக்கடை மட்டும் இப்படிப் பகிர்வில் வருவது கடினம்.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றால்

பெரும்பாலான ஓரத்து ஊராட்சிகளின் உண்மை நிலை இதுதான். மெயின் ரோட்டுப் பக்கம் லேஅவுட்டுகள், உள்ளே தள்ளி பழைய ஊரும் காலனியும். கிராம சபையில் லேஅவுட்காரர் எழுந்து சாக்கடை கேட்பார். அடுத்து ஒரு அம்மா வேலை அட்டையை உயர்த்திக் காட்டி, "இதுக்கு யாரு பொறுப்பு?" என்பார். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான்.

இந்த இடத்தில் எண்ணிக்கை மட்டும் பார்த்துக் கை தூக்கினால், இல்லாதவர்களின் பக்கம்தான் அடி விழும். லேஅவுட்காரருக்கு வரி கூடுவது சிரமம், ஆனால் சமாளிப்பார். வேலை அட்டைக்காரருக்கு வருமானமே நின்றுபோகும். ஊராட்சி முழுவதையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். நகரத்தோடு ஒட்டிய பகுதியை மட்டும் இணைத்து, மீதிக் குக்கிராமங்களை ஊராட்சியாகவோ பக்கத்து ஊராட்சியோடு சேர்த்தோ வைக்கக் கேட்கலாம். அப்படிச் செய்யும்போது வரி வருமானம் தரும் பகுதி போய்விடும். மிச்சமுள்ள ஊராட்சிக்கு மோட்டார் மின்கட்டணம் கட்டவாவது வருமானம் இருக்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

ஆட்சேபணை மனுவில் என்ன எழுதுவது?

கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் அது ஆவணம். மனுவில் உணர்ச்சியை விட எண்களுக்கு இடம் கொடுங்கள். நகரப் பகுதியை அறிவிக்கும்போது மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளூர் வருமானம், விவசாயம் அல்லாத வேலையின் சதவீதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு சொல்கிறது. உங்கள் மனுவும் அதே வரிசையில் போகட்டும். வேலை அட்டைகள் எத்தனை, அதில் கடந்த ஆண்டு வேலை பார்த்த குடும்பங்கள் எத்தனை, சாகுபடிப் பரப்பு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

சேரத் தயார் என்றால் கேட்க வேண்டியவை வேறு. எந்த நிதியாண்டிலிருந்து புதிய வரி, ஒரே தடவையில் ஏறுமா படிப்படியாகவா? பாதாள சாக்கடைக்குத் திட்ட அறிக்கை தயாரா? தொட்டி ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் வேலை தொடருமா? ஊராட்சிக்குச் சொந்தமான குளம், மயானம், விளையாட்டுத் திடல் ஆகியவை சர்வே எண்ணோடு பட்டியலில் இருக்கின்றனவா? இந்தப் பட்டியலை இணைப்புக்கு முன்பே எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்தப் பதிவேடுகள் மண்டல அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தேடுவதற்கே ஒரு வருடம் போய்விடும்.

மனுவை அறிவிக்கையில் சொன்ன தேதிக்குள், சொன்ன அலுவலகத்திலேயே கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, ஊரில் இரண்டு மூன்று பேரிடம் ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும்.